கை போய் நிற்கும் இடம்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் போய்ச் சேர்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். முதல் வரியை அடித்து முடித்து என்டர் பொத்தானைத் தட்டினேன். திரையில் வரி இறங்கியது. தட்டிய சுண்டுவிரலுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. மோதிர விரலிலும் பாதி அப்படித்தான். சுண்டுவிரலை ஒட்டிய பக்கம் மட்டும் மரத்திருந்தது. பத்து நிமிடம் கையை உதறியபின் எறும்பு ஊர்வதுபோல் உணர்வு திரும்பியது. மழைக் குளிர்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நல்ல வெயில். அன்றும் மரத்தது.

அலசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஆடுகோடி, மடிவாளா, சில்க் போர்டு, பொம்மனஹள்ளி என்று நெரிசலுக்கு மேல் நெரிசல். பெங்களூரில் 20 கிலோமீட்டர் என்பது தூரக் கணக்கே இல்லை, நேரக் கணக்கு. ஒன்றரை மணி நேரம் வலது கை ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்திருக்கும். என் வண்டி 350 சிசி. என் உயரம் 5 அடி 1 அங்குலம். வண்டியை வாங்கியபோது கால் தரையில் ஊன்றுகிறதா என்று மட்டும் பார்த்தேன். கை எங்கே போய் நிற்கிறது என்று நானும் பார்க்கவில்லை, விற்றவரும் கேட்கவில்லை.

இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் கையைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே, “வண்டியில் எப்படி உட்காருவீர்கள், காட்டுங்கள்” என்றார். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினேன். முழங்கை விறைத்து நேராக நின்றது. முதுகு தானாக முன்னே சரிந்தது. என் உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே மணிக்கட்டை ஒட்டிய மேட்டை அவர் கட்டைவிரலால் அழுத்தினார். சுளீரென்றது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் போகும் நரம்பு அந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறது. உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும்போது அது நசுங்குகிறது. நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டு மடங்கியே இருப்பதால் வருவது.

“சில நாள் ஓய்வு கொடுங்கள். பிறகு, அந்தக் கைப்பிடியை உங்கள் பக்கம் கொண்டுவர வழி இருக்கிறதா என்று பாருங்கள்” என்றார்.

அதைச் செய்து முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. ஹேண்டில்பார் மாற்றுவதை வண்டிக்கு நகை பூட்டுவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். கடைகளிலும் அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தோற்றத்துக்காக மாற்றுகிறவர்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் குள்ளமானவர்கள், வயதானவர்கள், தோள்பட்டையில் அடிபட்டவர்கள் எல்லோரும் தங்கள் வலிக்கு வண்டி ஓட்டுவதையே காரணமாக்கிக்கொண்டு, ஆசையாக வாங்கிய வண்டியை விற்றுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தே இரண்டு பெண்கள் அப்படி விற்றார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலையில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் நான்கு போல்ட்டுகளையும் ஆலன் கீயால் தளர்த்தி, பாரை என் பக்கமாகச் சற்றே உருட்டி மறுபடி முடுக்கினேன். கைப்பிடி நெருங்கி வந்தது. ஆனால் பாரை உருட்டினால் அதன் நுனிகள் தரையைப் பார்த்துச் சரியும். மணிக்கட்டு மடங்கியது. இரண்டே நாளில் சுண்டுவிரல் தேறிவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மதமதக்கத் தொடங்கின. மருத்துவர் சொன்ன அந்த இரண்டாவது நரம்பு. ஒரு சென்டிமீட்டருக்குள் சரியாகிவிடுகிற குறைக்கு இந்த வழி போதும். எனக்குப் போதவில்லை.

அடுத்துச் செய்ததுதான் தவறு. முன்னே சரிவதால்தான் பாரம் இறங்குகிறது, ஆகவே பார் உயரமாக இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம் என்று முடிவு கட்டினேன். கிளாம்ப்பிலிருந்து ஒரு சாணுக்கு மேல் எழும்பும் பார் ஒன்றை வாங்கினேன். ஏப் ஹேங்கர் என்ற வகையின் சிறிய வடிவம் அது. குரங்கு கிளையைப் பிடித்துத் தொங்குவதுபோல் கைகள் மேலே நிற்பதால் அமெரிக்கர்கள் வைத்த பெயர். ஒரு கடையில் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அரை மணி நேரத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பும்போது அலசூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலைக்கு அருகே வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. வலப்பக்கம் முழுக்க ஒடித்தேன். நான் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. என்ஜின் தானாக உறுமியது. பாதி விட்டிருந்த கிளட்ச்சில் வண்டி துள்ளி நடைபாதை விளிம்பை நோக்கிப் பாய்ந்தது. கிளட்ச்சை முழுதாக இறுக்கிப் பிடித்தேன். முன்சக்கரம் விளிம்புக் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஹேண்டிலை நேராக்கியதும் உறுமல் அடங்கியது. மறுபடி ஒடித்தேன், மறுபடி உறுமியது. என் கால் நடுங்கியது. வீடுவரை தள்ளிக்கொண்டே போனேன்.

அந்த இடத்துக்கும் எனக்கும் பழைய உறவு உண்டு. சிறுமியாக இருந்தபோது அப்பாவின் எஸ்டி ரோடுகிங்கில் டேங்க்கின் மேல் உட்கார்ந்து அந்த ஏரிக்கரைப் பக்கம் போயிருக்கிறேன். 1991-இல் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட வள்ளுவர் சிலை அப்போது மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். டேங்க்கில் உட்கார்ந்திருக்கும் என் இரண்டு பக்கமும் அப்பாவின் கைகள் வேலிபோல் வரும். அந்தக் கைகளில் முழங்கை எப்போதும் லேசாக மடங்கியே இருக்கும். மைசூரில் 1996 வரை தயாரான வண்டிகள் அவை. கிக்கரையே முன்னால் மடக்கினால் அது கியர் லீவராக மாறிவிடும். உட்காரும் நிலை நாற்காலியில் உட்காருவதுபோல இருக்கும்.

அப்பா விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் டர்னராக, அதாவது கடைசல் வேலை செய்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் சென்டர் ஸ்டாண்டு போட்டார். என்ஜினைக் கிளப்பி ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக ஒடித்தார். காதை மட்டும் கொடுத்துக் கேட்டார். வலப்பக்கக் கோடியில் என்ஜின் ஏறியது.

“கடையிலிருந்து எடுப்பதற்கு முன்பே இதைச் செய்து பார்த்திருக்க வேண்டும், கண்ணு” என்றார்.

ஆக்சிலேட்டர் கேபிள் என்பது ஓர் உறை, அதற்குள் ஒரு கம்பி. கைப்பிடியைத் திருகினால் கம்பி இழுபட்டு காற்றுவழி திறக்கிறது. பாரை உயர்த்தியதும் கேபிளின் நீளம் பற்றாமல் போகிறது. ஹேண்டிலை ஒடிக்கும்போது உறை இழுபட்டு, தான் உட்கார்ந்திருக்கும் குழியிலிருந்து நழுவுகிறது. கம்பியை இழுத்தாலும் உறையை இழுத்தாலும் விளைவு ஒன்றுதான்: கைப்பிடியைத் தொடாமலே வண்டி ஓடத் தொடங்கும். முன்பிரேக்கின் ஹோஸும் இடப்பக்கம் ஒடித்தால் தந்திபோல் விறைத்துக்கொண்டு நின்றது. பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்கும் குழாய் அது, இழுவிசையைத் தாங்குவதற்கானது அன்று. அதை நீளமானதாக மாற்றலாம்தான். ஆனால் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், என் வண்டியில் ஹோஸ் ஏபிஎஸ் பெட்டி வழியாகப் போகிறது. அதைக் கழற்றினால் இணைப்புக்குப் புதுச் செம்பு வாஷர்கள் போட வேண்டும், காற்று துளியும் இல்லாமல் எண்ணெயை நிரப்ப வேண்டும், நிறைய வண்டிகளில் அதற்குத் தனிக்கருவியும் வேண்டும். உயரமான பாரின் விலை அதன் சீட்டில் எழுதிய விலை அன்று.

இத்தனைக்கும் பிறகு அதில் உட்கார்ந்தால் சுகமாக இருந்ததா என்றால், இல்லை. கை மேலே போனதே தவிர, என் பக்கம் வரவில்லை. தோள்பட்டை இறுகியது. எனக்குக் குறையாக இருந்தது உயரம் அன்று, தூரம். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கொடுத்த விலை ஏறத்தாழ 2,000 ரூபாயும் ஒரு நடுக்கமும்.

ஹேண்டில்பாருக்கு மூன்று அளவு உண்டு. நுனிக்கு நுனி அகலம். கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதியிலிருந்து கைப்பிடி எவ்வளவு மேலே எழும்புகிறது என்ற உயரம். அதே நடுப்பகுதியிலிருந்து கைப்பிடி எவ்வளவு பின்னால் வருகிறது என்ற பின்வளைவு. கடையில் நிற்பவர்கள் முதலிரண்டைப் பார்ப்பார்கள். உடம்புக்கு முதலில் தெரிவது மூன்றாவது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் சமதரையில் வண்டியை நிறுத்தினோம். ஜாக்கெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்றார் அப்பா. வெறும் சட்டையில் உட்காருவதற்கும் ஜாக்கெட்டில் உட்காருவதற்கும் தோள் வேறு மாதிரி நிற்கும். வாங்கிய பாரைக் கழற்றி வைத்துவிட்டோம். முன்னால் பிடிக்க ஒன்றும் இல்லாமல் வண்டியில் உட்காருவது விநோதமாக இருந்தது.

“கண்ணை மூடு. இரண்டு கையையும் தொங்கவிடு. மூச்சை விடு. இப்போது வயிற்றுக்கு முன்னால் ஒரு துணிக்கொடி கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு அதைப் பிடி. தேடாதே. கை எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே நிறுத்து.”

நிறுத்தினேன். அப்பா என் மூடிய வலது கையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்தார். இடது கைக்கும் அப்படியே. பிறகு தரையிலிருந்து கைவரை ஸ்கேலை நிறுத்தி உயரம். பழைய பாரை மாட்டியபோது கைப்பிடிகள் நின்ற இடத்தையும் அப்படியே குறித்தார். இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. என் கை தானாகப் போய் நின்ற இடம் பழைய கைப்பிடியைவிட ஆறு சென்டிமீட்டர் என் பக்கம், வெறும் ஒன்றரை சென்டிமீட்டர் மேலே. ஆறு சென்டிமீட்டர் என்பது நான்கு விரற்கடைக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு தூரத்துக்குத்தான் ஓராண்டாக என் முதுகு நாள்தோறும் குனிந்துகொண்டிருந்தது.

ஒரு தடவை அளந்தால் போதாது என்று, அலுவலகம் போய்க் களைத்துத் திரும்பிய மாலையிலும் இருமுறை அளந்தார். களைப்பில் கை இன்னும் இரண்டு சென்டிமீட்டர் நெருங்கி வந்தது. காலைக் கையை விட்டுவிட்டு மாலைக் கையை எடுத்துக்கொண்டோம். வலி வருவது மாலையில்தானே.

ஆகப் பின்வளைவு எட்டு சென்டிமீட்டர் கூட வேண்டும். ஆனால் பார் அவ்வளவு பின்னால் வந்தால் ஹேண்டிலை முழுக்க ஒடிக்கும்போது டேங்க்கில் இடிக்காதா? வெறும் எண்களை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. மின்கம்பி பதிக்கும் பிவிசி குழாய், 20 மில்லிமீட்டர் விட்டம், மூன்றடி வாங்கினேன். அதற்குள் மணலை இறுக்கி நிரப்பி இரு வாயையும் துணியால் அடைத்து, வளைக்க வேண்டிய இடத்தை மட்டும் அடுப்புத் தணலுக்கு மேலே காட்டித் திருப்பிக்கொண்டே இருந்தால் குழாய் பளபளத்து இளகும்; மணல் இருப்பதால் நசுங்காது. மூன்றாவது முயற்சியில் நாங்கள் நினைத்த வளைவு வந்தது. நடுவில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி 22 மில்லிமீட்டருக்குத் தடிமனாக்கி, அதைக் கிளாம்ப்பில் மெதுவாகப் பிடித்தோம். வெள்ளைக் குழாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகு நிமிர்ந்திருந்தது. முழங்கை அப்பாவின் முழங்கைபோல் மடங்கியிருந்தது.

பிறகு ஒடித்துப் பார்த்தோம். வலப்பக்கம் முழுக்க ஒடித்தபோது என் வலது கட்டைவிரல் டேங்க்குக்கும் குழாய்க்கும் நடுவில் சிக்கியது. உயரம் வேண்டியது இதற்காகத்தான். நான் நிமிர்வதற்காக அன்று, விரல் நசுங்காமல் இருப்பதற்காக. இன்னும் இரண்டரை சென்டிமீட்டர் உயர்த்தி, பின்வளைவை ஒன்று குறைத்தோம். இப்போது ஒடித்தால் கட்டைவிரலுக்கும் டேங்க்குக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தது.

அகலத்தை மட்டும் என் விருப்பத்துக்கு முடிவு செய்தேன். பழைய பார் 79 சென்டிமீட்டர். ஓரளவு வேகத்தில் போகும்போது வலப்பக்கம் சாய வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னால் தள்ளுகிறோம். நினைத்துச் செய்யாவிட்டாலும் கை அதைத்தான் செய்கிறது. பார் அகலமாக இருந்தால் அந்தத் தள்ளலுக்குப் பலம் குறைவாகப் போதும். கனமான வண்டிக்கு அகலமான பார் வைப்பது அதனால்தான். ஆனால் அகலமான பாரில் என் கைகள் விரிந்து நெஞ்சு முன்னே இழுபடுகிறது. சில்க் போர்டில் இரண்டு கார்களுக்கு நடுவே கண்ணாடிகள் தட்டுகின்றன. 74 என்று வைத்தேன். திரும்பும்போது கொஞ்சம் பலம் கூடுதலாக வேண்டும், அதை ஏற்றுக்கொண்டேன்.

ஜே.சி. ரோட்டுக்குப் போனபோது அப்பாவின் வெர்னியர் காலிப்பர் பையில் இருந்தது. டவுன் ஹாலில் தொடங்கி ரவீந்திர கலாக்ஷேத்திரத்தைத் தாண்டி மினர்வா சர்க்கிள் பக்கம் போகும் அந்தச் சாலை பெங்களூரின் வண்டி உதிரிபாகங்களுக்கெல்லாம் தாய்வீடு. கன்னடத்தில் கேட்டால் உருதுவில் பதில் வரும்; தமிழில் முணுமுணுத்தால், “சொல்லுங்கள் மேடம்” என்று உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து வருவார். அளவு எழுதிய தாளைக் காட்டினேன். பார்க்காமலே நான்கு பார்களை எடுத்துப் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் கிளாம்ப் பிடிக்கும் இடத்தை வெர்னியரில் அளந்தேன்.

பெரும்பாலான நம் வண்டிகளின் பார் 22 மில்லிமீட்டர், அதாவது எட்டில் ஏழு பங்கு அங்குலம் என்று சொல்லும் 7/8 அங்குலக் குழாய். வெளிநாட்டுப் பெரிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் ஓர் அங்குலம் உண்டு. நடுவில் 28.6 மில்லிமீட்டராகத் தடித்து நுனியில் 22-ஆகக் குறையும் அலுமினியப் பார்களும் விற்கிறார்கள். அவற்றுக்குக் கிளாம்ப்பையும் மாற்ற வேண்டும். என் கையில் வந்த நான்கில் ஒன்று 21.6 காட்டியது. அரை மில்லிமீட்டர்தானே என்றார் கடைக்காரர். எத்தனை முடுக்கினாலும் கிளாம்ப்புக்குள் அது உருளும். அவசரமாக பிரேக் பிடித்து உடம்பின் பாரம் முழுவதும் கைக்கு வரும் அந்த ஒரு நொடியில்தான் உருளும். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் சொரசொரப்பாகக் கோடு போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வழவழப்பான குரோம் பூச்சை மட்டும் நம்பக் கூடாது.

எஃகா, அலுமினியமா என்ற கேள்வியில் நான் எஃகின் பக்கம். அலுமினியம் எடை குறைவு, துருப் பிடிக்காது. ஆனால் விழுந்தால் எஃகு வளைந்து தன் நிலையைக் காட்டிவிடும். அலுமினியம் உள்ளே விரிசலை வைத்துக்கொண்டு வெளியே நேராக நிற்கக்கூடும், பிறகு ஒருநாள் முறியும். வளைந்த அலுமினியப் பாரை நிமிர்த்தி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இன்னொன்று: அலுமினியக் குழாயின் சுவர் தடிமனாக இருப்பதால் உள்விட்டம் சிறியது, நுனியில் அதிர்வைக் குறைக்கச் செருகியிருக்கும் பழைய எடைக்கட்டிகள் அதில் நுழையாமல் போகலாம். ஒற்றை சிலிண்டர் வண்டியில் அந்தக் கட்டிகள் இல்லாமல் ஓட்டினால், மரத்த விரல் மறுபடி மரக்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கொண்டேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்கிறது. ஆகவே வண்டியின் அகலம் கூடாத பார், எந்த வெட்டும் பற்றவைப்பும் இல்லாமல் பழைய கிளாம்ப்பிலேயே உட்காருவது என்று வரம்பு வைத்துக்கொண்டேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்தேன். பழைய பார் பரணில் பத்திரமாக இருக்கிறது.

மாட்டும் வேலையை மர்பி டவுனில் உள்ள மெக்கானிக் அண்ணனின் பட்டறையில், அவர் மேற்பார்வையில் நானே செய்தேன். டேங்க்கின் மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டோம். பிரேக் எண்ணெய் சொட்டினால் பெயிண்ட் உரிந்துவிடும். பிரேக் எண்ணெய்ப் புட்டியைக் கழற்றிக் கயிற்றில் கட்டி நிமிர்ந்தே தொங்கவிட்டோம். கவிழ்ந்தால் குழாய்க்குள் காற்று போகும். கைப்பிடி ரப்பரை உருவ, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை உள்ளே நுழைத்துச் சோப்புத் தண்ணீர் விட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

பிறகு அந்தத் துளை. சுவிட்ச் கூட்டின் உட்புறம் அரிசி மணி அளவில் ஒரு பிளாஸ்டிக் முளை இருக்கும். பாரில் அதற்கென்று ஒரு துளை. முளை துளையில் உட்கார்ந்தால்தான் சுவிட்ச் கூடு பாரைச் சுற்றி உருளாமல் நிற்கும். வெளியில் வாங்கும் பார்களில் பெரும்பாலும் அந்தத் துளை இருக்காது. நிறையப் பட்டறைகளில் முளையை அரத்தால் ராவித் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு நிமிட வேலை. அண்ணன் அதற்குச் சம்மதிக்கவே இல்லை.

“வலப்பக்கக் கூட்டில் ஆக்சிலேட்டர் இருக்கிறது, அம்மா. கூடு உருண்டால் கேபிளும் கூடவே உருளும். துளையே போடுவோம்.”

முதலில் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, நான் உட்கார்ந்து, விரல்களை நேராக நீட்டினேன். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக வந்து பிரேக் லீவரின் மேல் படும்வரை லீவரை இறக்கினோம். சுவிட்ச்சுக்குக் கட்டைவிரல் எட்டும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, முளையின் முனையில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயிண்ட்டைத் தொட்டு வைத்தார் அண்ணன். கூட்டை மூடித் திறந்தார். கறுப்புப் பாரில் கடுகு அளவில் வெள்ளைப் புள்ளி. அதன் மேல் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. டிரில் வழுக்காமல் நிற்க அந்தக் குழி. முதலில் இரண்டு மில்லிமீட்டர் டிரில், பிறகு முளையின் அளவுக்கு. சுருள் சுருளாக இரும்புத் தூள் வந்தது. துளை விளிம்பில் இருந்த பிசிறை வட்ட அரத்தால் நீவி, வெறும் உலோகம் தெரிந்த இடத்தில் துருவுக்குத் தடையாகக் கொஞ்சம் பெயிண்ட் தொட்டார். கூட்டை வைத்ததும் ‘டக்’ என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, இத்தனை நாள் அலைந்ததும் சரிதான் என்று பட்டது. துளை கைப்பிடிப் பக்கம் இருப்பதால் பரவாயில்லை. கிளாம்ப்புக்கு அருகில், வயரை உள்ளே விடுவதற்கென்று பெரிய துளை போடுவது பாரை அதன் மேல் அதிக விசை விழும் இடத்திலேயே ஊனமாக்குவது.

கிளாம்ப்பைத் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் வைத்துக்கொண்டோம். என் வண்டிக்கான கையேட்டில் முன் போல்ட்டுகளை முதலில் முழுதாக முடுக்கி, பிறகு பின் போல்ட்டுகளை முடுக்கும்படி இருக்கிறது. முன்பக்கம் இடைவெளி இல்லாமல் சேர்ந்து, பின்பக்கம் மட்டும் சிறு இடைவெளி நிற்கும். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. நான்கு போல்ட்டையும் சமமாக முடுக்க வேண்டியவையும் உண்டு. எவ்வளவு இறுக்கம் என்பதும் கையேட்டில் எண்ணாகவே இருக்கிறது. கைப்பலத்தை நம்பாமல், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சில் அந்த எண்ணை வைத்து முடுக்கினோம். ‘கிளிக்’ என்றதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று கொடுப்பதுதான் நம் ஊரில் நிறைய கிளாம்ப்புகளின் மரை அழிவதற்குக் காரணம்.

கேபிள்களைப் புதிதாக வாங்கவே வேண்டியிருக்கவில்லை. கைப்பிடிகள் பின்னால் வந்ததால் ஆக்சிலேட்டர் கேபிளை ஃபோர்க்கின் வெளிப்பக்கம் சுற்றவிடாமல் உள்பக்கமாக எடுத்தோம். போதுமான தளர்ச்சி கிடைத்தது. ஹோஸும் எந்தக் கோடியிலும் விறைக்கவில்லை. கைப்பிடியை முழுக்கத் திருகி விட்டால் தானாகச் சடக்கென்று திரும்புகிறதா என்று மூன்று நிலையிலும் பார்த்தோம்: நேராக, இடக்கோடியில், வலக்கோடியில். முதல் தடவை சோம்பலாகத் திரும்பியது. ரப்பரைப் பார் நுனியின் எடைக்கட்டியோடு ஒட்டித் தள்ளியிருந்தேன். இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இழுத்ததும் சரியானது. என்ஜினை ஓடவிட்டு, கோடியிலிருந்து கோடிக்கு மெதுவாக ஒடித்தேன். அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் ஏறவே இல்லை. அண்ணன் கொடுத்த தேநீரை அப்போதுதான் கையில் எடுத்தார்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு போல்ட்டுகளையும் மறுபடி சோதித்தேன். ஒன்று மிகச் சிறிதாக இறங்கியிருந்தது. கண்ணாடிகளின் கோணத்தை மாற்ற வேண்டியிருந்தது. கை உள்ளே வந்ததால் என் தோளே பாதி தெரிந்தது. வளைவுகளில் முதல் வாரம் வண்டி கனத்தது, பிறகு பழகிவிட்டது. சுண்டுவிரல் தேற மூன்று வாரம் பிடித்தது. ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் என்டர் பொத்தானைத் தட்டியபோது அதன் ஓரத்துத் தேய்ந்த வழவழப்பு விரலில் தெரிந்தது.

போன வாரம் ஓசூரிலிருந்து தம்பி வந்திருந்தான். ஆறடி உயரம். என் வண்டியை எடுத்து ஏரியைச் சுற்றிவிட்டு வந்து, “அக்கா, உன் ஹேண்டில்பார் என் முழங்காலில் இடிக்கிறது. ஆனால் என் வண்டியில் எனக்குக் கழுத்து வலிக்கிறது” என்றான். அவன் அளவு வேறு. வருகிற ஞாயிறு வரும்போது 20 மில்லிமீட்டர் பிவிசி குழாய் மூன்றடி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அப்பா இப்போதே தூக்குக்குண்டின் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.